ஆங்கிலப் பெட்டியில் ‘ஏ’ தீர்ந்தபோது

நான் எழுதுகிறவன் அல்ல. மற்றவர்கள் எழுதியதை ஈய எழுத்தில் கோத்துக் கொடுத்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் கவிதையைப் பற்றி, அதுவும் ஆங்கிலக் கவிதையைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் எனக்கு. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

போன மாதம் அட்டன் நூலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கண்டியிலிருந்து வந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் பசிபிக் தீவுகளின் கவிதையைப் பற்றிப் பேசினார். பொலினீசியர் என்று சொல்லப்படும் அந்தத் தீவுக்காரர்கள் ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறார்களாம். ஆனால் அது ஆங்கிலேயரின் கவிதை மாதிரி இருப்பதில்லையாம். தங்கள் முன்னோர் பெயர்களையும் தங்கள் மொழிச் சொற்களையும் விளக்கம் எதுவும் சொல்லாமல் நடுவில் வைத்துவிடுகிறார்களாம். நன்றாகவே பேசினார். கடைசியில், “இந்த மாதிரிக் கவிதை நம்ம மலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது” என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த நான் என் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட கவிதைப் புத்தகம் ஒன்றை இதே ஊரில், அந்த நூலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், எழுத்தெழுத்தாகக் கோத்தவை இந்த விரல்கள்தான்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நூலகப் பொறுப்பாளரிடம் மெதுவாகச் சொன்னேன். “அதை அங்கேயே எழும்பிச் சொல்லியிருக்கலாமே அண்ணே!” என்றார். பிறகு, “சரி, எழுதியாவது குடுங்க” என்றார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் இந்த ஊர் அச்சகம் ஒன்றில் சேர்ந்தேன். நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பாவுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை. மகன் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நிற்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். முதல் வருஷம் முழுவதும் அச்சடித்து முடிந்த எழுத்துகளைப் பிரித்து, அந்தந்த எழுத்தை மரப்பெட்டியில் அதனதன் அறையில் போடுவதுதான் எனக்கு வேலை. அடுத்த வருஷம் தமிழ் கோக்கக் கற்றேன். அதற்கடுத்து ஆங்கிலம். ஆங்கிலம் கோக்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பிய எழுத்தைக் கண் அடையாளம் கண்டால் போதும். தேயிலைப் பெட்டிச் சீட்டு, தோட்டக் கந்தோர்ப் படிவம், கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. நான் வேகமாகக் கோப்பேன். என் பக்கத்தில் பிழை குறைவு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் அச்சகத்துக்கு முதலாளி யாரோ. எங்களுக்கு எல்லாமே கனகசபை ஐயாதான். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, காதில் செருகிய சிவப்புப் பென்சில். மை நடமாடும் இடத்தில் அந்த வேட்டியில் ஒரு புள்ளி விழுந்து நான் பார்த்ததில்லை. அச்சுப்படி திருத்துவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பக்கத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கி, பின்னாலிருந்து முன்னாகப் படிப்பார். “கருத்துக்கை போனீரெண்டால் பிழை தப்பிப்போடும். நீர் எழுத்தைப் பாரும், கதையைப் பாராதையும்” என்பார். அந்த முறையில் அவர் கண்ணிலிருந்து தப்பிய பிழை அனேகமாகக் கிடையாது. கதையும் அவருக்குத் தெரியாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. மரண அறிவித்தல் என்றால் ஐயா நாற்காலியில் உட்கார மாட்டார். எழுந்து நின்று, முன்னாலிருந்து படிப்பார். அவர்கள் ஊர் அறிவித்தல்களில் இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மைத்துனர் என்று உறவுகளின் பெயர் நீண்டுகொண்டே போகும். ஒருவர் கையெழுத்துப் பிரதியை எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். “கல்யாணக் கார்டிலை ஒரு பேர் விட்டால் பந்தியிலை சமாளிக்கலாம். செத்த வீட்டிலை விட்டால், தம்பி, ரண்டு குடும்பம் காலத்துக்கும் முகம் பாராது” என்று சொல்லுவார்.

மெசின் ஓட்டுகிறவர் சூசை அண்ணன். என்னைப்போலத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். காலால் மிதித்து ஓட்டும் மெசின் அது. அவர் மிதித்துக்கொண்டே பாடுவார், பாடிக்கொண்டே ஐயாவைக் கிண்டலும் செய்வார். அச்சகத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்கால வியாழக்கிழமை, ஓர் ஆள் குனிந்து உள்ளே வந்தார். வாசலுக்கு அவர் உயரம் அடங்கவில்லை. அகன்ற தோள்; எங்களைப்போலவே மாநிறம்; சுருட்டை முடி. சூசை அண்ணன் முதலில் சிங்களத்தில், “மொக்கத மாத்தயா?” என்று கேட்டார். பதில் இல்லை. “என்னா வேணுங்க?” என்றார் தமிழில். அந்த ஆள் சிரித்துக்கொண்டு, “மாடு நல்லமா?” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. நுவரெலியாப் பக்கம் இருந்த மாட்டுப் பண்ணைக்கு நியூசிலாந்திலிருந்து வேலை பழக்க வந்தவர் அவர். பண்ணையில் அவரை ‘மாட்டுத் தொரை’ என்பார்களாம். வெள்ளைத் தோல் இல்லாத ஒரு துரையை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். பெயர் தெரே. பிறந்தது பசிபிக் கடலில் குக் தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. பிழைப்புக்காக நியூசிலாந்து போய், பிறத்தியார் பண்ணைகளில் பால் கறந்து முன்னுக்கு வந்தவர்.

இனி அவருக்கும் ஐயாவுக்கும் நடந்த பேச்சையெல்லாம் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் பாதி எனக்கு அங்கேயே விளங்கியது. மீதியை ஐயா பிறகு சொன்னார்.

தெரே பையிலிருந்து தட்டச்சு செய்த தாள்களை எடுத்து வைத்தார். எல்லாம் அவர் எழுதிய ஆங்கிலக் கவிதைகள். ஒரு சின்னப் புத்தகமாக வேண்டும். அதிகப் பிரதிகள் வேண்டாம். அவருடைய ஒப்பந்த காலம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டும், கப்பல் காத்திருக்காது.

“ஏன் உங்கள் நாட்டிலேயே அடிக்கலாமே?” என்று ஐயா கேட்டார்.

“அங்கே பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். விளங்காத சொல்லை எடுத்துவிட்டு அனுப்பு என்று திருப்பிவிட்டார்கள்.”

ஐயா தாள்களை எண்ணிப் பார்க்காமல் கட்டைவிரலால் விசிறிப் பார்த்தார். “இங்கிலீஷ்தானே? ஞாயிறு காலமை தாறம்” என்றார். அந்த ‘இங்கிலீஷ்தானே’தான் எங்களை மாட்டிவிட்டது. எந்த அச்சகத்துக்காரராக இருந்தாலும் அன்றைக்கு அதையேதான் சொல்லியிருப்பார்.

முதல் சிக்கல் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. வரி முழுக்க நிரம்ப வேண்டும், தாளில் வெள்ளை வீணாகக் கூடாது என்பது எங்கள் அச்சகத்து வழக்கம். அந்த வழக்கப்படி, ஐயா சொன்னபடி, பாதியில் நின்ற சின்னச் சின்ன வரிகளைச் சேர்த்து முதல் கவிதையை ஒழுங்கான பத்தியாகக் கோத்தேன். தெரே வந்து அச்சுப்படியைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோத்த பக்கங்களைச் சட்டத்தில் பூட்டும் கல்மேசையில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு தன் கவிதையைச் சத்தமாகப் படித்தார். ஒரு வரி, ஒரு தட்டு. சில இடத்தில் நீளமாகப் போய்த் தட்டு விழும். சில இடத்தில் ஒரே சொல்லில் தட்டு விழுந்துவிடும்.

“எங்கடை செய்யுளிலை வரி இப்பிடி அரைவாசியிலை நிக்காது ஐசே” என்று ஐயா என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அதையே மரியாதையான ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டார்.

“மூச்சு நிற்கிற இடத்தில் வரி நிற்கிறது. எங்கள் தீவில் துடுப்புப் போடுகிறவர்கள் இப்படித்தான் பாடுவார்கள். பாஷைதான் மாறியிருக்கிறது. கை மாறவில்லை” என்றார் தெரே.

அடுத்து ஐயா பென்சிலால் சில சொற்களைத் தொட்டுக் காட்டினார். அவை ஆங்கிலம் இல்லை. தெரேயின் தாய்மொழிச் சொற்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் பொருள் போட்டுத் தரலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

தெரே சொன்னார்: “சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கொடுத்த ஆங்கிலப் புத்தகங்களில் குளிர்காலத்தில் வானத்திலிருந்து வெள்ளையாகப் பனிக்கட்டி கொட்டும். எங்கள் தீவில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. அடியில் யாரும் எங்களுக்காகப் பொருள் போடவில்லை. நாங்களாகத்தான் விளங்கிக்கொண்டோம்.”

ஐயா அந்தச் சொற்களை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகினார். “மாட்டுத் துரை லேசான ஆளில்லை” என்று தமிழில் சொல்லிவிட்டு, “அவர் சொல்லுறபடி கோத்துக் குடும்” என்றார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. தெரே படித்த மாதிரியே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கோத்தேன். இரண்டு இரண்டு பக்கமாகக் கோப்பேன். சூசை அண்ணன் அடிப்பார். எழுத்தைப் பிரித்துப் போட்டு அடுத்த இரண்டு பக்கத்தைக் கோப்பேன். எங்களிடம் இருந்த எழுத்தின் அளவுக்கு அப்படித்தான் செய்ய முடியும். இடையிடையே தெரேயே கவிதையின் கருத்தைச் சொன்னார். ஒன்றில், இந்தப் பாஷையை நான் மாட்டுக் கொட்டிலில் கற்றேன், இதில் பால் வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். இன்னொன்றில் வட்டகொடை ஸ்டேஷன் வந்தது. ரயில் நின்றபோது மலை முழுக்கப் பனிமூட்டம். தண்ணீர் இல்லாத கடலைப் பார்த்துவிட்டேன், படகைத்தான் காணவில்லை என்று இருந்ததாம். நம்முடைய வட்டகொடை ஒரு தீவுக்காரர் கையால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைக் கோத்தபோது, தெரிந்த ஒரு மனிதரைக் கப்பலேற்றி அனுப்புவதுபோல எனக்கு இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு கவிதைதான் பாக்கி. நீளமானது. இடது பக்கம் முழுவதும் ஆங்கிலம். வலது பக்கத்தில் ஓர் ஆங்கில வரி, பிறகு பெயர்கள், மறுபடி ஓர் ஆங்கில வரி, பிறகு பெயர்கள். நீளம் கருதி இடது பக்கத்தை மட்டும் தனியாகக் கோத்து, அடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்டாயிற்று. வலது பக்கத்தில் பாதிக்கு மேல் வந்துகொண்டிருந்தேன். ஆங்கில ‘கே’ எழுத்தை எடுக்கப் போன விரல் மரத்தைத் தொட்டது. அறையில் ஒன்றும் இல்லை. இரண்டு வரி தள்ளி ‘ஏ’யும் தீர்ந்தது.

இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளை வார்த்து அனுப்புகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில் அனுப்புவதில்லை. ஓர் ஆங்கிலேயன் எந்த எழுத்தை எவ்வளவு பயன்படுத்துவான் என்று பார்த்துத்தான் வார்ப்பார்கள். பெட்டியில் ‘ஈ’க்குப் பெரிய அறை, ‘கே’க்குச் சின்ன அறை. தெரேயின் ஆட்களுடைய பெயர்களோ தவாகா, காமாகாரா என்று ஒவ்வொன்றும் ‘ஏ’யையும் ‘கே’யையும் அள்ளிக் குடித்தன. பெட்டியில் ‘ஈ’ குவிந்து கிடந்தது. அதை வைத்து என்ன செய்வது?

“என்னா தம்பி, கைய வச்சிக்கிட்டு நிக்கிற?” என்றார் சூசை அண்ணன்.

“எழுத்து இல்லண்ணே.”

“அம்புட்டு எழுத்து இருக்கே!”

“இவங்க பேருக்குத் தேவையானது இல்ல.”

அடுத்த தெருவில் இருந்த அச்சகத்தில் கேட்டுப் பார்த்தோம். அவர்களிடம் இருந்தது வேறு வடிவம், கலந்தால் பல்லிளிக்கும். கண்டிக்குப் போய்வர நேரமில்லை. ஐயா அந்தப் பக்கத்தைப் பின்னாலிருந்து முன்னாக ஒருமுறை பார்த்தார். அவருக்கு ஒரு வழி மனதில் பட்டது.

தெரே வந்ததும் ஐயா அவரிடம் சொன்னார்: “இந்தப் பெயர்களில் பாதியை எடுத்துவிடலாம். ஆங்கில வரிகள் அப்படியே இருக்கும். படிக்கிறவர்களுக்கு ஒன்றும் குறையாது. இந்தப் பெயர்கள் யாருக்குத் தெரியப்போகின்றன?”

தெரேயின் முகம் மாறியது. “ஆங்கிலத்தை எடுத்துவிடுங்கள். பெயர்களை எடுக்காதீர்கள்” என்றார்.

“ஆங்கிலத்தை எடுத்தால் இது கவிதையே இல்லையே!”

“பெயர்களை எடுத்தாலும் இல்லை.”

இரண்டு பேரும் கல்மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். வெளியே மழை. ஐயா தன் வேலை கெட்டுப்போகக் கூடாதென்று நின்றார். தெரே தாள்களை எடுத்துக்கொண்டு போய்விடத் தயாராக நின்றார். கை அவற்றை அடுக்கத் தொடங்கிவிட்டது.

அந்த நேரத்தில் நான் பேசினேன். எனக்கே ஆச்சரியம். அதற்குச் சில மாதம் முன்பு, பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக அப்பாவை விசாரணைக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தேன். நாற்பத்தெட்டில் சுதந்திரம் வந்த கையோடு, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று அங்கே கேட்டார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தன்னைப் பெற்ற அய்யா பெயர், அவருடைய அய்யா பெயர், கப்பலில் கூட வந்தவர்கள் பெயர், இந்த மலையில் புதைந்தவர்கள் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதிக்கொண்டிருந்தவர் நடுவில் பேனாவை மூடிவிட்டார். அப்பா அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பேனா மூடிய சத்தம் என் காதில் இருந்தது.

பெயர்கள் இருந்த தாளைத் தொட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “இவர்கள் யார்?” என்று கேட்டேன்.

தெரே என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மெதுவாக, எனக்கு விளங்குகிற ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பாவும், சித்தப்பாமாரும், ஊர் ஆண்களும் ஒரு படகில் பக்கத்துத் தீவுக்குப் போனார்கள். கடல் அமைதியாகத்தான் இருந்தது. படகு திரும்பி வரவில்லை. உடல்களும் வரவில்லை. இடது பக்கத்து ஆங்கிலத்தில் இருப்பது அந்தக் காலைநேரம்: யார் தேங்காய் ஏற்றினார்கள், யார் பகிடி விட்டுச் சிரிக்க வைத்தார்கள் என்பதெல்லாம். வலது பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் படகில் போனவர்கள்.

“அம்மா இருக்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் பாஷையில் வேதப்புத்தகம் மட்டும் படிப்பார். நான் கவிதை எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு, ஒன்றைக் கொண்டுவா, பார்க்கிறேன் என்றார். இந்தப் புத்தகம் முழுவதிலும் அம்மாவால் படிக்கக்கூடியது அந்தப் பெயர்கள் மட்டும்தான்.”

ஐயா தாளைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை மேலேயிருந்து, முதல் சொல்லிலிருந்து படித்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இது கவிதை எண்டெல்லோ நான் நினைச்சன். இது மரண அறிவித்தல்.”

“ஆமாங்கய்யா.”

“அப்ப என்னெண்டு பேரை எடுக்கிறது? ஒரு பேரும் எடுக்கேலாது.” பிறகு தெரேயிடம் அவர் சொன்ன ஆங்கிலம் முழுவதும் எனக்கு விளங்கியது. மன்னிக்க வேண்டும், ஒரு பெயரும் போகாது என்றார்.

எழுத்து இல்லாதது மட்டும் அப்படியே இருந்தது. சூசை அண்ணன்தான் தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தார்.

“ஏங்கய்யா, கல்யாணக் கார்டுல புள்ளையார செவப்புல தனியா ஓட்டிட்டு, மத்ததக் கறுப்புல ஓட்றோம்ல? அதே மாதிரி ரெண்டு ஓட்டமா ஓட்டுனா என்னா?”

ஐயா அவரையே பார்த்தார். “சூசை, உமக்கு மூளை காலிலை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்.”

“கால்லதாங்கய்யா சம்பாதிக்கிறேன்” என்றார் சூசை அண்ணன்.

வழி இதுதான். ஆங்கில வரிகளை மட்டும் முதலில் கோத்து, பெயர்களுக்கு இடம் விட்டு, எல்லாத் தாளையும் அடித்துவிட வேண்டும். பிறகு அந்த எழுத்துகளைப் பிரித்துப் போட்டால், பெயர்களுக்கு மட்டும் மட்டுமட்டாகப் போதும். பெயர்களை அந்த இடைவெளிக்குச் சரியாகக் கோத்து, அதே தாள்களை மறுபடி மெசினில் கொடுக்க வேண்டும். மயிரிழை பிசகினால் பெயர் ஆங்கில வரியின்மேல் ஏறிவிடும். அட்டன் மழையில் தாள் ஈரத்தைக் குடித்து உப்பும். காலையில் அடித்த தாள் பின்னேரத்தில் அதே அளவில் இருக்காது. கல்யாணக் கார்டு தடித்த அட்டை, தாங்கும். இது மெல்லிய தாள்.

சூசை அண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி, கூரை ஒழுக்குக்கு வைத்திருந்த ஈயத்தாளைக் கொண்டுவந்தார். தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலை நமுத்துப் போகாமலிருக்கப் பெட்டிக்குள் விரிக்கிற தாள் அது. முதல் ஓட்டம் அடித்து மை உலர்ந்ததும், தாள்களை அதில் சுற்றி வைத்தோம். தெரே அதைப் பார்த்துவிட்டு, “கவிதையைத் தேயிலையாக்கிவிட்டீர்கள்” என்றார். வேலை தொடங்கிய பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

நான் எழுத்துகளைப் பிரித்தேன். பெயர்களைக் கோத்தேன். கடைசிப் பெயரின் கடைசி எழுத்தை வைத்தபோது ‘கே’ அறையைத் துடைத்துப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கம் நிறைந்துவிட்டது.

ஐயா அச்சுப்படியை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். மரண அறிவித்தலுக்கு உள்ள முறைப்படி, தெரே எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். தெரே முதல் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். மூன்றாவது அவருடைய அப்பா. அதில் எழுத்து நின்றுபோய் முழுப் பெயராக வந்தது. பிறகு கையால் கல்மேசையில் தட்டத் தொடங்கினார். ஒரு பெயர், ஒரு தட்டு. பாட்டா, கூப்பிடுதலா என்று சொல்லத் தெரியவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. ஐயா விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டே வந்தார். அவசரப்படுத்தவில்லை, இடைமறிக்கவில்லை. சூசை அண்ணன் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

முடிந்ததும் ஐயா, “பிழையில்லை” என்றார். “ஓட்டும், சூசை.”

வெளிச்சம் போவதற்குள் இரண்டாவது ஓட்டம் முடிந்தது. முதல் தாளை ஐயா ஜன்னலருகே கொண்டுபோனார். பெயர்கள் ஆங்கில வரிகளில் இடிக்கவில்லை. தங்கள் இடத்தில்தான் இருந்தன. ஆனால் புதிதாகப் போட்ட மையில், பெயர்கள் ஆங்கிலத்தைவிட ஒரு படி கறுப்பாக விழுந்திருந்தன. பக்கத்தைத் திறந்தாலே பெயர்கள்தான் கண்ணில் படும். ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் காலத்தில் அப்படி ஒரு பக்கம் அந்த வாசலைத் தாண்டியதில்லை. “இதை நான் குடுக்கமாட்டன். விடிய வெள்ளன முழுக்கத் திரும்ப அடிப்பம்” என்றார். அதற்குத் தாளும் இல்லை, நேரமும் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

தெரே தாளை வாங்கிப் பார்த்தார்.

“அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல்” என்றார். “எங்கே படிக்க வேண்டும் என்று நான் காட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இனிக் காட்ட வேண்டியதில்லை.”

ஐயா மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். அதற்குப் பிறகு திரும்ப அடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

என் வேலைக்காலம் அதற்குப் பின்னும் நீண்டது. எத்தனையோ புத்தகம் கோத்திருக்கிறேன். கண் பார்வை குறைந்து ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும்வரை, அந்தப் பக்கத்துக்கு நிகரான ஒன்றை நான் கோக்கவில்லை. தெரேயிடமிருந்து பிறகு தகவல் எதுவும் இல்லை. அன்று நூலகத்தில் விரிவுரையாளர் கொண்டுவந்திருந்த தொகுப்பில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தப் புத்தகம் அப்படிப்பட்ட தொகுப்புக்காக அடிக்கப்பட்டதும் இல்லை. விரிவுரையாளருக்கு நான் சொல்ல நினைத்தது ஒன்றுதான்: ஐயா, அந்தக் கவிதை எட்டிப் பார்த்திருக்கிறது. வட்டகொடையில் ரயில் நின்றபோது இந்தப் பக்கம் நன்றாகவே பார்த்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகங்களைத் தைத்து, வெட்டி, அதே ஈயத்தாளில் கட்டிக் கொடுத்தோம். அட்டன் ஸ்டேஷன்வரை நானும் சூசை அண்ணனும் கட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். ரயில் நகரும்போது தெரே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மாடு நல்லம்!” என்று கத்தினார். சூசை அண்ணனும் “நல்லம், நல்லம்!” என்று கத்தினார். ரயில் றொசல்லப் பக்கம் வளைந்து மறைந்தது.

மறுநாள் காலை பெயர்களைப் பிரித்து, ‘ஏ’களையும் ‘கே’களையும் அந்தந்த அறையில் போட்டேன். பத்து மணிபோல ஒரு மரண அறிவித்தல் வந்தது. தமிழ் வேலை. ஐயா எழுந்து நின்றார். எழுத்துப் போதுமானதாக இருந்தது.